ஒரு லிட்டர் என்பது எவ்வளவு? திரவங்களை அளக்கும் அலகுகள்

குழந்தையின் காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்த மருந்தை "ஐந்து மில்லி கொடுங்கள்" என்கிறார் மருத்துவர். அதே அளவைச் செவிலியர் "ஐந்து சிசி" என்கிறார். மொட்டை மாடியில் வைக்கும் தொட்டியைக் கடைக்காரர் ஆயிரம் லிட்டர் என்று விற்கிறார். கட்டடப் பொறியாளரின் தாளில் அதுவே ஒரு கன மீட்டர். மேட்டூர் அணையின் நீரோ செய்தித்தாளில் ஒரு வரியில் கன அடியாகவும் அடுத்த வரியில் டிஎம்சியாகவும் வருகிறது. பெயர்கள் இத்தனை இருந்தாலும் இவை பெரும்பாலும் ஒரே கேள்விக்குச் சொல்லப்படும் விடைகள்தாம்: இந்தத் திரவம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது?

திரவத்திற்கென்று ஒரு வடிவம் கிடையாது. செம்பில் ஊற்றினால் செம்பின் வடிவத்தையும், தட்டில் ஊற்றினால் தட்டின் வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது அடைக்கும் இடத்தின் அளவு மாறுவதில்லை. அந்த இடத்தைக் கன அளவு என்றும், ஒரு பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கொள்ளளவு என்றும் சொல்கிறோம். முன்னது உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியது, பின்னது பாத்திரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் அலகு ஒன்றே என்பதால் பேச்சில் இவற்றைக் கலந்துவிடுகிறோம். அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை.

லிட்டரைப் புரிந்துகொள்ள எளிய வழி, ஒன்றைக் கையால் செய்து பார்ப்பது. தடித்த அட்டையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் வருமாறு மூடியில்லாத பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே ஒரு பாலிதீன் பையை மூலைவரை ஒட்டினாற்போல் விரித்துவிட வேண்டும். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை அதில் கவிழ்த்தால் விளிம்புவரை நிற்கும். உயரமான புட்டியில் இருந்த நீர் இந்தச் சிறு பெட்டிக்குள் அடங்குமா என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஐயப்படுவார்கள். ஊற்றி முடித்த பிறகே நம்புவார்கள். லிட்டர் என்பது அந்தப் பெட்டி அடைக்கும் இடந்தான்.

இனி அந்தப் பெட்டிக்குள் ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளை அடுக்குவதாக எண்ணிக்கொள்வோம். ஒரு வரிசைக்குப் பத்து, ஒரு தளத்திற்கு நூறு, பத்துத் தளங்களுக்கு ஆயிரம். ஆகவே ஒரு லிட்டர் என்பது ஆயிரம் கன சென்டிமீட்டர். லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் மில்லிலிட்டர் என்கிறோம் என்பதால், ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் ஒன்றே. "சிசி" என்பது கன சென்டிமீட்டரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். நூறு சிசி பைக் என்று நாம் சொல்வதும் இதே அளவைத்தான்: அதன் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வரும்போது திறக்கும் இடம் ஏறத்தாழ நூறு மில்லி, அதாவது ஒரு சிறிய டம்ளர் தேநீர் அளவு.

மேல்நோக்கிப் போனாலும் கணக்கு இப்படித்தான். ஒரு மீட்டர் பக்கமுள்ள பெரிய பெட்டிக்குள் நம் லிட்டர்ப் பெட்டிகள் ஒவ்வொரு திசையிலும் பத்து நிற்கும், மொத்தம் ஆயிரம். ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர். குடிநீர் வாரியங்கள் அதைக் கிலோலிட்டர் என்று எழுதுகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் இடறி விழுவது இங்கேதான். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பதால் ஒரு கன மீட்டருக்கும் நூறு கன சென்டிமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது நூறின் மும்மடிப் பெருக்கம், அதாவது பத்து இலட்சம். இதன் இன்னொரு முகத்தைச் சமையலறையில் பார்க்கலாம்: விட்டமும் உயரமும் இரண்டு மடங்காக உள்ள அண்டா, சிறிய அண்டாவைப்போல இரு மடங்கு அல்ல, எட்டு மடங்கு நீர் கொள்ளும். விருந்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பவர்கள் கண்ணளவில் ஏமாறுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பெட்டி பிரான்சில் பிறந்தது. 1795-இல் அந்நாடு மீட்டர் முறையைச் சட்டமாக்கியபோது, மீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பக்கமாகக் கொண்ட கனசதுரம் லிட்டர் என்று வரையறுக்கப்பட்டது. நீளத்தை அளக்கும் கோல் ஒன்று இருந்தாலே கொள்ளளவையும் எவரும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அழகு. நடுவில் ஒரு விலகல் நேர்ந்தது. கனசதுரத்தை மிகத் துல்லியமாகச் செய்வதைவிட நீரை எடைபோடுவது எளிது என்று கருதி, 1901-இல் கூடிய பன்னாட்டு எடை, அளவுகள் மாநாடு, ஒரு கிலோகிராம் தூய நீர் தன் அடர்த்தி உச்சத்தில் இருக்கும்போது அடைக்கும் இடமே லிட்டர் என்று மாற்றியது. அந்த லிட்டர் பழைய பெட்டியைவிடப் பத்து இலட்சத்தில் 28 பங்கு பெரிதாக இருந்தது. பால் வாங்குவோருக்கு இந்த வேறுபாடு தெரியப் போவதில்லை. ஆய்வுக்கூடங்களுக்கோ அது தலைவலி. 1964-இல் அந்த வரையறையைக் கைவிட்டு, லிட்டர் என்பது ஆயிரம் கன சென்டிமீட்டரின் இன்னொரு பெயர், அவ்வளவே என்று முடிவு செய்தார்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து எல், எண் ஒன்றைப் போலத் தெரிந்து குழப்பியதால், 1979 முதல் பெரிய எழுத்தையும் அலகின் குறியாக எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது.

நம் பழைய அளவுகள் வேறொரு வழியில் பிறந்தவை. முகந்து அளப்பதால் அதற்கு முகத்தலளவை என்று பெயர். நெல்லுக்கும் எண்ணெய்க்கும் பாலுக்கும் ஒரே வாய்பாடு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். குறுணியை மரக்கால் என்றும் நாழியைப் படி என்றும் வழங்கும் ஊர்கள் உண்டு. இதைப் பழைய குழப்பம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டிரண்டாகப் பெருகும் வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி ஆகிய நான்கு பாத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறைக்கு மேல் முகக்காமலேயே, ஓர் ஆழாக்கு முதல் பதினைந்து ஆழாக்கு வரை எந்த முழு அளவையும் அளந்துவிடலாம். பதினொன்று வேண்டுமானால் ஒரு நாழி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு. எழுதப் படிக்கத் தெரியாத எண்ணெய் வாணியரும் தவறின்றிக் கணக்கு வைக்க முடிந்தது இதனால்தான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த அளவுகள் நாள்தோறும் புழங்குவதைக் காணலாம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, சாவா மூவாப் பேராடு, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய மந்தை என்று தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையளிப்பார்கள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். எந்த உழக்கால் அளப்பது என்பதுதான் வழக்கு வரும் இடம். ஆகவே கல்வெட்டுகள் அளவுப் பாத்திரத்தின் பெயரையும் குறித்துவைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்னும் மரக்கால் இருந்தது. அது இராசகேசரி என்னும் அளவுக்கு ஒத்தது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். இன்று நாம் முத்திரையிட்ட அளவை என்று சொல்வதன் பொருள் இதுதான்: வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு பாத்திரம்.

பெட்டிக்கும் பாத்திரத்திற்கும் உள்ள வேறுபாடும் இங்கே விளங்கும். பாத்திரம் காணாமல் போனால் அளவும் போய்விடும். அடுத்த ஊரில் இன்னொரு கொல்லர் அடித்த படி சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். அப்படித்தான் இருந்தது. ஓர் ஊர்ப் படி இன்னோர் ஊரில் முக்கால் படியானதைப் பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். 1956-ஆம் ஆண்டின் எடை, அளவுகள் தரச் சட்டம் மீட்டர் முறையை இந்தியா முழுமைக்கும் கொண்டுவந்தது. 1958 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று இத்துறையை ஆள்வது 2009-இன் சட்டமுறை எடையளவுச் சட்டம். வணிகத்தில் படி போய்விட்டது. வீட்டில் மட்டும் "ஓர் ஆழாக்கு அரிசி போடு", "அரை உழக்கு எண்ணெய் போதும்" என்று அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற கேலனும் பாத்திரத்தில் பிறந்த அளவுதான், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. அமெரிக்கக் கேலன், ஆன் அரசியின் காலத்தில் இங்கிலாந்து திராட்சை மதுவுக்கு வைத்த 231 கன அங்குலம், அதாவது 3.785 லிட்டர். இங்கிலாந்தோ 1824-இல் தன் கேலனைப் புதிதாக, பத்துப் பவுண்டு நீர் அடைக்கும் இடம் என்று வகுத்துக்கொண்டது, அது 4.546 லிட்டர். எட்டில் ஒரு பங்கான பைன்ட்டும் ஆகவே இரண்டாகப் பிரிந்தது: அங்கே 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. ஒரு பைன்ட்டை ஆங்கிலேயர் இருபது திரவ அவுன்சாகவும் அமெரிக்கர் பதினாறாகவும் பிரித்ததால், அமெரிக்கப் பைன்ட் சிறியது, அமெரிக்க அவுன்சோ சற்றுப் பெரியது என்ற விந்தையும் நேர்ந்தது. கச்சா எண்ணெய் விலைச் செய்திகளில் வரும் பீப்பாய் 42 அமெரிக்கக் கேலன், ஏறத்தாழ 159 லிட்டர். இணையத்தில் கேக் செய்முறை பார்ப்பவர்கள் கோப்பை அளவைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 237 மில்லி, ஆஸ்திரேலியக் கோப்பை 250 மில்லி. அளவுக்கென்று செய்த தேக்கரண்டி எங்கும் ஏறத்தாழ 5 மில்லி. மேசைக்கரண்டியோ பெரும்பாலான நாடுகளில் 15 மில்லியாகவும் ஆஸ்திரேலியாவில் 20 மில்லியாகவும் இருக்கிறது. பெயரை நம்பக் கூடாது என்பதற்கு வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. நம்மூர் மதுக்கடையில் முழுப் புட்டி 750 மில்லி, அரை 375 மில்லி, கால் என்று பொருள்படும் குவார்ட்டரோ 180 மில்லி. கணக்குப்படி கால் பங்கு 187.5 மில்லி.

மருந்துக்குச் சமையலறைக் கரண்டி ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். வீட்டுத் தேக்கரண்டிகளில் மூன்று மில்லி கொள்வதும் உண்டு, ஏழு மில்லி கொள்வதும் உண்டு. மருந்துப் புட்டியோடு வரும் சிறு கோப்பையில் அளப்பதானால் அதையும் சரியாகப் படிக்க வேண்டும். கண்ணாடிச் சுவரோடு நீர் ஒட்டி ஏறுவதால் அதன் மேற்பரப்பு நடுவில் தாழ்ந்து பிறை போல வளையும். பள்ளிப் பாடநூல்கள் இதைப் பிறைத்தளம் என்கின்றன. பாத்திரத்தைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்கே இறக்கி, வளைவின் அடிப்பகுதி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் படிக்க வேண்டும். கோப்பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். உள்ளே போவது குறைவாக இருக்கும். பாலில் இன்னொரு தொல்லை நுரை. உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றிய பால் அளவுப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். நுரை அடங்கினால் ஒரு விரற்கடை இறங்கிவிடும். தானியத்தைக் குவித்து அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். திரவம் தானே தலைதட்டிக்கொள்ளும் என்றாலும் ஏமாற்றுவதற்கு நுரை இருக்கிறது.

லிட்டரும் கிலோவும் ஒன்று என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நீருக்கு அது ஏறத்தாழச் சரி, ஏனெனில் கிலோகிராமே முதலில் ஒரு லிட்டர் நீரை வைத்துத்தான் வகுக்கப்பட்டது. மற்றவற்றுக்கு அப்படியல்ல. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் பால் 1,030 கிராம் அளவில் நிற்கும். தேன் 1,400 கிராமைத் தொடும். எண்ணெய் உறையில் லிட்டரும் கிராமும் சேர்ந்தே அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் ஏறினால் எண்ணெய் விரியும். எடை மாறாது, கன அளவு கூடும். அதிக வெப்பநிலையில் ஒரு லிட்டர் என்று குறித்துவிட்டுக் குறைந்த எடையை விற்க இது இடம் கொடுப்பதால், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவையும் சரியான எடையையும் அச்சிட வேண்டும் என்று 2022-இல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது. பெட்ரோல் இன்னும் கூடுதலாக விரியும்: ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. பங்க்கில் அளவு குறைகிறதோ என்ற ஐயம் வந்தால், அங்கே முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குடுவை கட்டாயம் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

எடையையும் கன அளவையும் மாற்றிப் போட்டதன் விளைவுக்கு 1983 சூலை 23-இல் கனடாவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றின் எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. தொட்டியில் கோலை விட்டுப் பார்த்து எத்தனை லிட்டர் இருக்கிறது என்று கண்டார்கள். அதைக் கிலோகிராமாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மீட்டர் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பழைய பழக்கத்தில், லிட்டரைப் பவுண்டாக மாற்றும் 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தாளில் தேவையான 22,300 கிலோவும் இருந்தது. தொட்டியில் அதில் பாதிகூட இல்லை. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி அதை எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் வானூர்தி போல ஓட்டிவந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு எதுவும் நேரவில்லை.

இனி பெரிய நீருக்கு வருவோம். அணைகளின் கணக்கு இன்றும் அடியில்தான் நடக்கிறது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ இரண்டு குடம். வீட்டுத் தரைத் தொட்டியை அளக்க இந்த ஓர் எண் போதும். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் 300 கன அடி, அதை 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 8,490 லிட்டர். ஆகவே 9,000 லிட்டர் லாரித் தண்ணீர் அந்தத் தொட்டியில் முழுதாக இறங்காது. விளிம்புவரை நிரப்பிய பின்னும் லாரியில் ஐந்நூறு லிட்டர் மிஞ்சும்.

நூறு கோடி கன அடியைத்தான் டிஎம்சி என்கிறார்கள்: ஆயிரம் மில்லியன் கன அடி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். லிட்டரில் சொன்னால் அது 2,831 கோடிக்கும் மேல். மேட்டூர் அணை முழு நீர்மட்டமான 120 அடியை எட்டும்போது அதில் 93.47 டிஎம்சி நிற்கும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகத்திலிருந்து கிடைக்க வேண்டும் என்று குறித்த அளவு 177.25 டிஎம்சி, அதாவது மேட்டூர் அணையை இரண்டு முறை நிரப்பச் சற்றுக் குறையும் நீர்.

செய்தி படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கண்டிப்பாக மனத்தில் வைக்க வேண்டும். "அணையில் 60 டிஎம்சி இருக்கிறது" என்பது கன அளவு. "நீர்வரத்து 12,000 கன அடி" என்பது கன அளவு அல்ல. விநாடிக்கு 12,000 கன அடி என்னும் வேகம். "விநாடிக்கு" என்ற சொல்லைத் தலைப்பில் விட்டுவிடுவதால் பலருக்கும் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 12,000-ஐ அதனால் பெருக்கினால் 103 கோடியே 68 இலட்சம் கன அடி, ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல். விநாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி நாள் முழுதும் வந்தால் ஒரு டிஎம்சி என்று நினைவில் வைத்துக்கொண்டால், அணைச் செய்தி எதையும் மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம்.

மழையளவுக்கும் இதே பெட்டிக் கணக்கு உதவும். மில்லிமீட்டரில் சொல்லப்படும் மழை நீளமாகத் தோன்றினாலும், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 929 லிட்டர்.

கடைசியாக, அலகு என்ற சொல்லே தடுமாற வைக்கும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகளுக்கு அருகே 10, 20, 30 என்று இருப்பது மில்லி அல்ல. இன்சுலினின் வீரியத்தைக் கணக்கிடும் யூனிட். நாற்பது யூனிட் வகையில் ஒரு மில்லி மருந்தில் 40 யூனிட் இருக்கும். நூறு யூனிட் வகையில் அதே ஒரு மில்லியில் 100 யூனிட். ஆகவே 20 யூனிட் என்பது முதல் வகையில் அரை மில்லி, இரண்டாவதில் 0.2 மில்லி. நூறு யூனிட் வகை மருந்தை நாற்பது யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உடலில் சேர்வது அரை மில்லி, அதாவது 50 யூனிட். வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு. இதைத் தடுக்கவே முதல் வகைச் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும் இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடியும் போடுகிறார்கள். மருந்துக் கடையில் புட்டியின் மேல் எழுதியுள்ள எண்ணையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.